எஞ்சினுக்குள் ஒரு சென்றி

ஓடிக்கொண்டிருக்கும் படகு ஒரே இடத்தில் நிற்கும் என்பதை நான் பதினொரு வயதில் ரைன் ஆற்றில் கண்டேன். மாமா எஞ்சினின் கைப்பிடியை முழுதாகத் திருகிப் பிடித்திருந்தார். எஞ்சின் கத்தியது, புகைந்தது, பின்னால் தண்ணீர் நுரைத்தது. ஆனால் கரையில் கிலோமீட்டர் எழுதிய வெள்ளைப் பலகை எங்களுக்கு நேரே அப்படியே நின்றது. நாயோடு உலாவ வந்த ஒரு கிழவர் பின்னாலிருந்து வந்து எங்களுக்குச் சமமாகி, பிறகு தாண்டியும் போனார். நாய் இரண்டு முறை எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"நாயும் முந்திப்போட்டுது, மாமா" என்றேன்.

"நாய்க்கு நாலு கால். எங்களிட்டை அஞ்சு குதிரை இருக்கு, ஒண்டுக்கும் சாப்பாடு போடேல்லைப் போல" என்றார் மாமா.

எஞ்சினின் மூடியில் ஐந்து குதிரைவலு என்றுதான் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் போனால் படகோட்டும் அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரத்துக்குப் பரீட்சை, பரீட்சைக்கு ஜெர்மன் மொழி. அப்பாவோடு வேலை செய்த ஒரு ஜெர்மன்காரர் ஓய்வுபெற்றபோது, இழுக்கச் சக்தியில்லாத அந்த எஞ்சினையும் அதன் படகையும் அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். அதனால் இரண்டும் மாமாவிடம் வந்தன.

மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்து வடகரையில் படகு ஓட்டிய மனிதர். ஜெர்மனிக்கு வந்து அப்போது இரண்டு வருடம். டுசல்டோர்ஃபுக்குக் கொஞ்சம் தள்ளி, எங்கள் வீட்டிலிருந்து மூன்று பஸ் தரிப்புத் தூரத்தில் இருந்த அகதிகள் விடுதியில், ஒரு அறையில் ஆறு பேரில் ஒருவராக இருந்தார். வேலை செய்ய அனுமதியில்லை. மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதியில்லை. அவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளில் மாவட்டத்தின் பெயர் தடித்த எழுத்தில் அடித்திருந்தது. ஒரு முறை ரயிலில் போய்ப் பிடிபட்டுவிட்டார். இன்னொரு முறை பிடிபட்டால் அது குற்றவழக்கு, அகதி விண்ணப்பமும் அதோடு கெட்டுப்போகும் என்று அப்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு இது பெரிய துயரமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த மாமாக்கள் எல்லாரும் இப்படித்தான் ஏதோ ஒரு தாளுக்குள் இருந்தார்கள். வெளியே மழை பெய்கிறது என்பதைப் போல அதுவும் ஒரு செய்தி, அவ்வளவுதான்.

ஆற்றின் மறுகரையில், எட்டுக் கிலோமீட்டர் மேலே, வேறு மாவட்டத்து விடுதியில் ஒரு அக்கா இருந்தார். மாமாவும் அவரும் ஒரே லொறிக்குள் ஒளிந்து வந்தவர்கள். மூன்று நாள் பயணத்தில் அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து, மாமா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். லொறியைத் திறந்ததும் ஆட்களைப் பிரித்து வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். சட்டை அக்காவோடு போய்விட்டது. பிறகு சனிக்கிழமைகளில் தொலைபேசி அட்டை முடியும்வரை இருவரும் பேசினார்கள்.

அந்த வருடம் மே மாதத்தில் அக்காவுக்குக் கனடா விசா கிடைத்தது. அவருடைய அண்ணன் அங்கே இருந்தார். மாதக் கடைசிப் புதன்கிழமை விமானம். மாமா அதற்குள் அவரைப் பார்த்தாக வேண்டும். அக்காவின் கையிலும் மாமாவிடம் இருந்ததைப் போல ஒரு தாள்தான். விசா குத்திய கையோடு அவர் எல்லை தாண்டி வந்து மாட்டிக்கொள்ள முடியாது. "கேக்கவேண்டியதை முகத்தைப் பாத்துத்தான் கேக்கோணும். ரெலிபோனில ஏலாது" என்று மாமா சமையலறையில் அம்மாவிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். போகாமல் தன்னோடு இருந்துவிடும்படி கேட்கப் போகிறார் என்பது கேட்கிற எவருக்கும் விளங்கும். எனக்கு விளங்கியது வேறு. மாமா தன் கம்பளிச் சட்டையைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரிடம் வேறு நல்ல சட்டையும் இருக்கவில்லை.

முதலில் நேர்வழியில்தான் முயன்றார். மாவட்டத்தை விட்டு ஒரு நாள் போய்வர அனுமதி கேட்கும் அன்ட்ராக், அதாவது விண்ணப்பத் தாள், ஒன்று உண்டு. அதை நிரப்ப என்னைக் கூட்டிப் போனார். ஜெர்மன் தெரிந்த பிள்ளைகள் அந்த வயதில் எல்லாருடைய அரசாங்கக் கந்தோர் வேலைக்கும் போவோம், நானும் பள்ளிக்கூடத்தை அதற்காகவே நிறைய விட்டிருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார், பார்க்கப் போகிற பெண் இவருக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் மாமாவிடம் கேட்டேன். மாமா நெடுநேரம் அந்த வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவா எண்டு போடு" என்றார்.

போட்டேன். தெரிந்தவரைப் பார்ப்பது ஒரு காரணமில்லை என்று அந்த அம்மையார் தாளைத் திருப்பித் தந்தார். நிச்சயம் செய்த பெண் என்று ஒரு சொல் போட்டிருந்தால் கிடைத்திருக்கும். அந்தப் பெண்ணிடமே இன்னும் சொல்லாத ஒன்றை அரசாங்கத்தின் தாளில் எழுத மாமாவுக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் ஆறு. ஆற்றில் பயணச்சீட்டுக் கேட்பவர் இல்லை, ரயில் நிலையப் பொலிசும் இல்லை. ஆனால் ரைன் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் சரக்குக் கப்பல்கள் ஓயாமல் போய்வரும். நாய்க்குத் தோற்கிற படகோடு அதைக் கடக்க முடியாது. அதோடு மாமாவிடம் ஒரு கணக்கு இருந்தது. அவர் கற்ற கடலில் வேகமாகப் போனவன் வீட்டுக்கு வந்தான், மெல்லப் போனவன் கடற்படையிடம் பிடிபட்டான். அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து ஜெர்மனியில் போட்டார்.

மூன்று வாரம் இருந்தது. பள்ளிக்கூடம் முடிய நான் நேரே கரைக்குப் போய்விடுவேன். முதல் வேலையாகப் படகைக் கவிழ்த்து, அடியில் பிடித்திருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டினோம். இரண்டு நாள் போனது, கை தோலுரிந்தது. அடுத்த ஓட்டத்தில் நாயும் நாங்களும் சமம். பிறகு மாமா எஞ்சினைக் கழற்றி, படகின் பின்பலகைக்கு மேல் இன்னொரு பலகையை வைத்து உயர்த்திப் பூட்டினார். எஞ்சினின் கால், அளவுக்கு மேல் ஆழமாக இறங்கித் தண்ணீரை உழுகிறதாம். நாயை வென்றோம், ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணிடம் தோற்றோம். பிளக்கை மாற்றினார், காபரேட்டரைப் பிரித்து ஊசியால் துளை துளையாகத் துப்புரவாக்கினார், நெளிந்திருந்த விசிறி இதழைத் தட்டி நேராக்கினார். ஓடுகிற பெண்ணை ஒரு கை தூரத்தில் வென்றோம். எங்களிடம் வேகம் காட்டும் கருவி கிடையாது. கரையில் போகிறவர்கள்தான் அளவுகோல். தங்களை நாங்கள் அளக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. சைக்கிள்காரர்கள் மட்டும் எட்டாத உயரத்தில் இருந்தார்கள்.

ஓட்டம் எல்லாம் எங்கள் கரையோரமாகத்தான். ஆற்றின் நடுவில் மிதவை கட்டியிருந்த இடம் வந்தால் மாமா திருப்பிவிடுவார். மாவட்டம் அங்கே முடிகிறது.

இரண்டாவது வாரம் முடிவில் மாமாவுக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. படகுக்குள் குந்தியிருந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உதுக்கு மூச்சு முட்டுது பிள்ளை. கேட்டுப் பார். இழுக்க மனமிருக்கு, ஏதோ பிடிச்சு வைச்சிருக்கு" என்றார். நான் பொழுது போகாமல் எஞ்சினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். எண்ணெய்க் கறை படிந்த ஜெர்மன் புத்தகம். பின்பக்கங்களில் உதிரிப்பாகங்களின் பட்டியல் இரண்டு நிரலாக இருந்தது. ஒன்று எங்கள் எஞ்சினுக்கு, மற்றது அதே கம்பெனியின் எட்டுக் குதிரை எஞ்சினுக்கு. சிறுவர் பத்திரிகைகளில் இரண்டு படம் போட்டு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அப்படி நான் எண்களை விரலால் தொட்டுக்கொண்டு போனேன். எல்லா எண்ணும் ஒன்றுதான். ஒரே ஒரு எண் எங்கள் பக்கத்தில் இருந்தது, மற்றப் பக்கத்தில் இல்லை.

மாமாவிடம் படத்தைக் காட்டினேன். காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு தகடு. அவர் உடனே இரண்டு நட்டுகளைக் கழற்றினார். பணியாரம் அளவில் ஒரு மெல்லிய தகடு வந்தது, நடுவில் என் சின்னவிரல் போகிற துளை. எஞ்சின் அவ்வளவு நாளும் அந்தத் துளையால்தான் மூச்சு விட்டிருக்கிறது. எட்டுக் குதிரையைச் செய்து, ஐந்து என்று விற்பதற்காக அதன் தொண்டைக்குள் அடைப்பை வைத்திருக்கிறார்கள்.

மாமா தகட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துளைக்குள்ளால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்கை பெரிய எஞ்சின் வைச்சிருக்க ஆமி விடேல்லை. ரோட்டு ரோட்டா சென்றி போட்டு மறிச்சாங்கள். இஞ்சை பார், எஞ்சினுக்குள்ளயே சென்றியைப் போட்டு விட்டிருக்கிறாங்கள்."

சென்றி என்றால் எங்கள் ஆட்கள் சோதனைச்சாவடியைச் சொல்வது. நான் அந்தத் தகட்டைக் கழுவி, சப்பாத்துக் கயிற்றில் கோத்து, பதக்கம் போலக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒருநாளும் எதுவும் கிடைத்ததில்லை. ஒன்பதாம் வகுப்போடு அதை விட்டுவிட்டேன். பிறகு ஸ்டுட்கார்ட்டில் பொதிக் கிட்டங்கி, வடகடல் பக்கம் மீன் தொழிற்சாலை, ஒரு சர்க்கஸின் சமையல் வண்டி என்று கால்போன பக்கம் போய், இப்போது இதே ஆற்றில் ஒரு சரக்குக் கப்பலில் கயிறு கட்டுகிறேன். பதக்கம் என்று எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அடுத்த நாள் சைக்கிள்காரர் ஒருவரை வென்றோம். அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். மாமா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். ஒரு பிள்ளையும் கூட இருந்தால் ஆரும் சந்தேகப்படமாட்டார்கள், கதைக்கவும் ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனார். அம்மா எனக்கு மிதவைச் சட்டையைப் பூட்டி, மூன்று முறை இழுத்துப் பார்த்தார். "பிள்ளையை ஆத்தில போட்டிட்டு வந்தியெண்டால் இந்தப் பக்கம் வராதை தம்பி" என்றார். பிறகு மாமாவின் தலைமயிரைக் கையால் கொஞ்சம் சரிசெய்துவிட்டார்.

மிதவையைத் தாண்டியபோது மாமா என்னைப் பார்க்கவில்லை. இரண்டு சரக்குக் கப்பல்களுக்கு நடுவே புகுந்து மறுகரைப் பக்கம் வந்தோம். படகின் மூக்கு எழுந்து, அடிப்பகுதி தண்ணீரைத் தட்டித் தட்டிப் போனது. கிலோமீட்டர்ப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் சத்தமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு. மாமாவின் முகத்தை நான் அப்படி அதற்கு முன் பார்த்ததில்லை. பதினெட்டு வயதுப் பெடியன் மாதிரி இருந்தார்.

ஏழாவது பலகைக்குச் சற்று முன் ஒரு படகுத்துறை இருந்தது. நாங்கள் கிளப்பிய அலை அங்கே கட்டியிருந்த வெள்ளைப் படகுகளை எல்லாம் ஒன்றோடொன்று இடிக்க வைத்தது. யாரோ கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பின்னால் நீலப் படகு வந்தது, தண்ணீர்ப் பொலிஸ். மாமா ஒரு கணம் கைப்பிடியை இன்னும் திருகப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விட்டுவிட்டார். மெல்லப் போகிற பழம்படகை அந்த ஆற்றில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை இன்று நான் ஒவ்வொரு நாளும் காண்கிறேன். ஐந்து குதிரையோடு காலையில் புறப்பட்டு, நாயின் வேகத்தில் மாலையில் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

பொலிஸ்காரர் மீசை நரைத்தவர், அவசரப்படாதவர். மூடியில் ஒட்டியிருந்த ஐந்தைப் பார்த்தார், எங்கள் பின்னால் இன்னும் அடங்காத அலையைப் பார்த்தார், பிறகு என் கழுத்தைப் பார்த்தார். அது என்ன என்று கேட்டார். எவரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் பாசி சுரண்டியதிலிருந்து தொடங்கி, பலகை, பிளக், காபரேட்டர், புத்தகத்தின் இரண்டு நிரல், நான் கண்டுபிடித்த எண் என்று ஒன்றும் விடாமல் நல்ல ஜெர்மனில் சொன்னேன். மாமா பக்கத்தில் இருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்காக வாதாடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

பொலிஸ்காரர் மாமாவின் தாளை விரித்து வாசித்தார். தடித்த எழுத்தைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். இந்த எஞ்சினை இப்படி ஓட்ட முடியாது என்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார், நான் ஊரின் பெயரைச் சொன்னேன். தங்கள் நிலையமும் அங்கேதான் என்று கயிறு எறிந்தார்.

அப்படித்தான் நாங்கள் கடைசிக் கிலோமீட்டரைப் போனோம், எஞ்சின் மேலே தூக்கியபடி, பொலிஸ் படகின் பின்னால். நான் அழத் தொடங்கினேன். மாமா சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, ஆற்றில் கையை நனைத்து மயிரில் தடவி, வகிடு எடுத்து வாரினார். பொலிஸ் கொண்டுபோகிற மனிதர் ஏன் தலைவாருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"அழாதை பிள்ளை. பெற்றோலும் மிச்சம்" என்றார்.

இறங்குதுறையில் அக்கா நின்றார். மெல்லிய நீலக் கோட்டு, கையில் ஒரு துணிப்பை. மாமா இந்த நேரத்துக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறார், எப்படி வருவேன் என்று சொல்லவில்லை. கயிற்றின் முனையில் நாங்கள் வந்து நின்றதைப் பார்த்து அக்கா சிரிக்கவில்லை, பயப்படவுமில்லை. படியின் விளிம்பு வரை வந்து நின்றார்.

அந்தப் பெண் இவருக்கு யார் என்று பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார். கந்தோரில் கேட்ட அதே கேள்வி. நான் மாமாவிடம் திரும்பினேன். அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எனக்கு ஆரெண்டு கேக்கினம்" என்றார்.

அக்கா துணிப்பையின் பிடியை விரலில் ஒருமுறை சுற்றினார். "முந்திக் கந்தோரில என்னெண்டு குடுத்தனீங்கள்?"

"தெரிஞ்சவா எண்டு."

பின்னால் ஒரு சரக்குக் கப்பல் போய், அதன் அலை வந்து படியில் அடித்து ஓய்ந்தது.

"அப்ப அதையே சொல்லச் சொல்லுங்கோ. அண்ணை அங்கை எல்லாம் ஒழுங்கு செய்திட்டார்" என்றார்.

நான் சொன்னேன். என் உச்சரிப்பு நன்றாக இருந்தது. பொலிஸ்காரர் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, நீங்கள் ஆற்றின் நடுவில்தானே போய்க்கொண்டிருந்தீர்கள் என்றார். கேட்கும்போதே எழுதிக்கொண்டிருந்தார். நடுவை எப்போதோ தாண்டிவிட்டோம், பலகையை எண்ணினேன் என்று திருத்த வாய் திறந்தேன். மாமாவின் சப்பாத்து என் காலை மிதித்தது. மாமாவுக்கு ஜெர்மன் தெரியாது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எஞ்சின் விஷயத்தை மட்டும் உள்ளே போய் எழுத வேண்டும், அரை மணி ஆகும் என்று சொல்லிப் போனவர் ஒரு மணிநேரம் வரவில்லை. மூவரும் துறையோரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அக்கா டப்பாவில் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்திருந்தார், எனக்குத்தான் கூடத் தந்தார். பெரியவர்கள் இருவரும் முக்கியமாக ஒன்றும் பேசவில்லை. விமானம் எத்தனை மணிக்கு, அங்கே இப்போது குளிரா என்று கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் அக்கா துணிப்பையைத் திறந்து, தோய்த்து மடித்த கம்பளிச் சட்டையை எடுத்து மாமாவின் மடியில் வைத்தார். மாமா கேட்கவே தேவையிருக்கவில்லை, அக்காவாகவே தந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, என் கழுத்திலிருந்த தகட்டை மாமா திரும்பப் பூட்டினார். இரண்டு நட்டு. அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும் என்றார்கள். அக்கா துறையில் நின்று கையைத் தூக்கினார், ஆட்டவில்லை. வளைவு வரும்வரை நீலக் கோட்டு தெரிந்தது.

திரும்பி வரும்போது ஆறே எங்களை இழுத்துக்கொண்டு வந்தது. எங்கள் கரையோரமாக வந்தபோது அந்தக் கிழவரும் நாயும் நடந்துகொண்டிருந்தார்கள். பாதி எஞ்சினிலேயே அவர்களை வென்றோம். மாமா அதைக் கவனிக்கவில்லை. சட்டையை அவர் போட்டுக்கொள்ளவுமில்லை. எனக்குக் குளிர்கிறது என்று என் தலைவழியாக மாட்டிவிட்டார், அது என் முழங்கால் வரை வந்தது.

சட்டை கிடைத்துவிட்டது, நாயும் தோற்றுவிட்டது. மாமாவின் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்தேன். தகட்டைத் திரும்பப் பூட்ட வைத்ததுதான் அவருக்குக் கவலை என்று முடிவு செய்தேன்.

"யோசிக்காதைங்கோ மாமா. அடுத்த கிழமை திருப்பிக் கழட்டுவம். ரெண்டு நட்டுத்தானே" என்றேன்.

மாமா நீண்டு தொங்கிய சட்டைக் கையை என் மணிக்கட்டு வரை மடித்துவிட்டார்.

"ஓம் பிள்ளை, ரெண்டு நட்டுத்தான்" என்றார்.